முப்பத்தொன்றாவது நோன்பு

அம்பாசமுத்திரத்தில் பிறை பார்ப்பது லேசான காரியமில்லை. மேற்கே திரும்பினால் மலை நிற்கிறது. மற்ற ஊர்களில் சூரியன் விழுந்த பிறகும் அடிவானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். இங்கே அந்த மிச்சத்தை மலை எடுத்துக்கொள்ளும். பங்குனி அந்தியென்றால் கேட்கவே வேண்டாம். ஈரத்துணியைக் காயப்போட்ட மாதிரி உச்சியில் ஒரு மேகம் வந்து படுத்துவிடும். அதனால் இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்த சாயங்காலம், ஆண்கள் மொட்டைமாடியில் ஏறி நின்று கொஞ்ச நேரம் மலையைப் பார்ப்பார்கள். பிறகு இறங்கி வந்து வேற்றூர்க்காரர்களுக்குப் போன் போடுவார்கள்.

ஆற்றுக்குப் போகிற சாலையில் இருந்த அந்த வளவிலும் அன்றைக்கு அதுதான் நடந்தது. வளவென்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடுகள், நடுவில் ஒரு அடிபம்பு, ஒரு முருங்கை மரம். ஒரு வீட்டில் முகம்மது சுல்தானும் அவர் மனைவி ஜமீலா பீவியும் இருந்தார்கள். சுல்தானுக்கு மார்க்கெட்டில் வாழையிலைக் கடை. கோயில் கொடையானாலும் சர்ச் அசன விருந்தானாலும் இலை அவர் கடையிலிருந்துதான் போகும். எந்தச் சாமிக்கு எந்த மாதத்தில் பந்தி என்பது அவருக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டில் ஹெப்சிபா. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று, பிள்ளையில்லை. ஜமீலாவும் அவளும் பீடி சுற்றுகிறவர்கள். எதிர் வீட்டில் வாடகைக் கார் ஓட்டுகிற சுடலையாண்டியும் அவன் பெண்டாட்டி முத்துமாலையும்.

ஜமீலா முற்றத்தில் குத்தவைத்து, நோன்புக் கஞ்சி காய்ச்சிய சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி அடியில் பிடித்திருந்தது. கை தேய்த்ததே தவிர உடம்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"என்னங்க, தெரியுதா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"மேகந்தான் தெரியுது."

சுடலையாண்டி காரைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தான். "அண்ணாச்சி, பெருநாள் நாளைக்கா, நாளக் கழிச்சா? ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா நான் வேற வாடகை பிடிக்க மாட்டேன்."

"எங்கிட்ட என்னலே கேக்க? அந்தா நிக்கி பாரு, அந்த மலைட்ட கேளு."

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து சொல்லிவிட்டார்கள். எங்கும் பிறை தென்படவில்லை. நாளைக்கும் நோன்பு, முப்பது. நாளை மறுநாள் பெருநாள்.

அப்போதுதான் ஆமிர் மாடியிலிருந்து இறங்கி வந்து அந்த வார்த்தையைச் சொன்னான்.

"எனக்கு முப்பது முடிஞ்சிட்டு வாப்பா. எனக்கு நாளைக்குப் பெருநாள்."

ஆமிர் அவர்களுடைய ஒரே மகன். சவூதியில், தம்மாமில் வேலை. நோன்பு பாதி ஆனபோது லீவில் வந்தான். அங்கே நோன்பு ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. இங்கே எல்லோரும் பதினைந்தில் இருந்தபோது அவன் பதினாறில் இருந்தான். வந்த அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். விமானத்தில் அவன் கூடவே ஏறி வந்த அந்த ஒரு நோன்பு, பதினைந்து நாளாக வீட்டின் ஒரு மூலையில் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது எழுந்து நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

சுல்தான் மகனைப் பார்த்தார். "ஒனக்குன்னு தனியா ஒரு பெருநாளா? எந்த ஊர்ல இருக்கியோ அந்த ஊர்க் கணக்குதான். பள்ளிவாசல் ஹஜ்ரத்துட்டயும் கேட்டுட்டேன். நாளைக்கும் நோம்பு வையி."

"அப்ப முப்பத்தொண்ணு ஆவுமே. ரமலான்ல முப்பத்தொண்ணாவது நோம்பு எங்கன வாப்பா இருக்கு?"

"ப்ளேன்ல வந்தா இருக்கும்."

சுடலையாண்டி வெளியே சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"பெருநாளன்னைக்கு நோம்பு வச்சா ஹராம்," என்றான் ஆமிர்.

"நோம்பன்னைக்குப் பெருநாள் கொண்டாடுனா?"

ஜமீலா நாரைக் கீழே வைத்தாள். இரண்டு பேர் சொல்வதும் அவளுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் கஷ்டம். ஒருத்தன் தப்பென்றால் அவனை அதட்டி உட்கார வைத்துவிடலாம்.

ஆமிர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உம்மா, நாளைக்குச் சாயங்காலம் நான் கெளம்பணும். இனிமே மூணு வருசம். இவுக பெருநாள் கொண்டாடும்போது நான் அங்க எறங்கி வேலைக்குப் போயிட்டிருப்பேன். நாளைக்கு மத்தியானம் ஒரே சஹன்ல நீயும் நானும் இருந்து சாப்பிடணும். அதுக்குத்தான சண்ட போட்டு லீவு வாங்கிட்டு வந்தேன்."

சஹனென்றால் அகலமான தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை நனைப்பார்கள். அவன் சின்னப் பிள்ளையாயிருந்த காலத்திலிருந்து பெருநாள் சோறு அவனுக்கு உம்மாவோடு ஒரே சஹனில்தான்.

"வச்சுகிடு, ஒன் பெருநாள நீ வச்சுகிடு," என்றார் சுல்தான். "ஆனா என் வீட்டு அடுப்புல நோம்புப் பகல்ல நெய்ச்சோறு வேகாது. அவ வாயில ஒரு பருக்க படாது. இன்னை வர ஒரு நோம்பு விட்டவ இல்ல அவ. கடேசி நோம்பக் கெடுத்துராத."

ஜமீலா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஜமீலா நோன்பே இல்லை. நாளைக்கு மட்டுமில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை.

ஆமிர் ஊருக்கு வருவதற்கு முதல் நாள் அவள் ஹெப்சிபா வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடியிலை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டின கத்தரிக்கோல் கையிலிருக்க, மடியிலிருந்த தட்டோடு அப்படியே சாய்ந்தாள். தூளும் இலையும் முற்றமெங்கும் சிதறின. ஹெப்சிபா அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சக்கரைய வச்சுகிட்டா நோம்பு இருக்க? நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு உங்க வேதத்துலயே இருக்குல்லா? இனி ஒரு நாள் பட்டினி கெடந்தா என் வாசப்படி ஏறாத," என்று சொல்லி அனுப்பினாள். மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வேளை மாத்திரை.

திரும்பி வரும்போது ஜமீலா ஆட்டோவிலேயே ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லிராத பிள்ள."

அன்றிலிருந்து மத்தியானமானால் பீடித்தட்டை எடுத்துக்கொண்டு ஹெப்சிபா வீட்டுக்குப் போய்விடுவாள். ஹெப்சிபா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ரசமும் சோறும், இல்லையென்றால் கேப்பைக் களியும் கீரையும் எடுத்து வைப்பாள். அது லெந்து காலம். ஈஸ்டர் வரைக்கும் ஹெப்சிபா கறி, மீன் தொடமாட்டாள். பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். எதிர் வீட்டில் சுடலையாண்டியும் முத்துமாலையும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவதற்காக ஒருவேளைச் சோறு.

"வளவு பூரா பட்டினி," என்பாள் ஹெப்சிபா. "ரம்சான் மாசத்துல மத்தியானச் சோறு திங்கது நீ ஒருத்திதான். நான் பட்டினி கெடந்து ஒனக்குப் போடுதேன். இது எந்தச் சாமி கணக்குல ஏறுமோ."

"சும்மா இரு பிள்ள. ஏற்கெனவே தொண்டைல எறங்க மாட்டேங்கு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். தட்டில் விரல் படுகிற சத்தம்கூட வெளியே கேட்கக் கூடாது. முடிந்ததும் வாயைக் கொப்பளித்து, ஈரம் தெரியாமல் உதட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, நோன்புக்காரி முகத்தோடு வீட்டுக்கு வருவாள். அந்த நடைதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் களைப்பு.

மறுநாள் விடியுமுன் சகர் சாப்பாட்டுக்கு எழுந்து சுல்தானுக்குச் சோறு போட்டுத் தானும் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்து சுல்தான், இன்றைக்கு நோன்பு வைக்கிறேன் என்கிற நிய்யத்தை வாய்விட்டுச் சொன்னார். அவளும் உதட்டை அசைத்தாள். விடிந்ததும் ஆமிர் குளித்துப் புதுச்சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, திருநெல்வேலிப் பக்கம் சவூதிப் பிறைக் கணக்கில் அன்றைக்கே பெருநாள் தொழுகிற சேக்காளிகளோடு கிளம்பினான். போகும்போது உம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொன்னான். வாப்பா பக்கம் திரும்பினான். சுல்தான் இலைக்கட்டுக்குக் கயிறு தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

அவர் கடைக்குப் போனதும் ஜமீலா ஹெப்சிபா வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். வெயில் அதற்குள் முற்றத்தில் இறங்கிவிட்டது.

"சொல்லிரு அக்கா," என்றாள் ஹெப்சிபா, இலையை நனைத்துத் துணியில் சுற்றிக்கொண்டே. "சொன்னா முடிஞ்சிட்டு. ஒனக்குத்தான் நோம்பே இல்லையே. மகன்கூட இருந்து சாப்புடு. அண்ணாச்சி என்ன சொல்லிருவாவ?"

"அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாவ. அதான் பயம்."

"பின்ன?"

"சொன்ன நிமிசம் வீட்டுக்குள்ள ஒரு நோயாளி வந்துருவா பிள்ள. நோயாளி வந்தா பெருநாள் போயிரும். இவன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா என்ன இழுத்துகிட்டு அலைவான். மூணு வருசம் கழிச்சு வந்தவன், நோயாளி உம்மாவப் பாக்கவா வந்தான்? இந்தப் பதினஞ்சு நாள் அவன் எப்படிச் சிரிச்சுகிட்டுக் கெடந்தான், பாத்தல்ல?"

"பாத்தேன். நீ இந்தப் பதினஞ்சு நாள்ல எப்படி ஆயிட்டன்னும் பாத்தேன்."

ஜமீலா படியில் உதிர்ந்து கிடந்த பீடியிலைத் துணுக்குகளைக் கூட்டி அள்ளினாள். "சாப்பிடலன்னா அவன் மூணு வருசம் அத நெனச்சுகிட்டே கெடப்பான். சாப்புட்டா இவுக, கடேசி நோம்ப மகனுக்காவ முறிச்சவன்னு சாவுத வர நெனப்பாவ. நான் என்னதான் செய்ய?" என்றாள்.

"மொதல்ல சோத்த ஆக்குவோம். அண்ணாச்சி அடுப்புலதான வேகாதுன்னாவ? எங்க அடுப்பு என்ன பாவம் செஞ்சுது?"

"நீ லெந்துல கறி சேக்க மாட்டியே."

"திங்க மாட்டேன். எங்க அடுப்புக்கு லெந்து கெடையாது."

ஆமிர் திரும்பி வரும்போதே கறி வாங்கிக்கொண்டு வந்தான். ஹெப்சிபா வீட்டு அடுப்படி ஒரு ஆள் நிற்கிற இடம்தான். அதில் இரண்டு பொம்பிளைகள். ஜமீலா இஞ்சியும் பூண்டும் அம்மியில் வைத்து அரைத்தாள். மிக்ஸி இருந்தது, பெருநாள் கறிக்கு அவள் கை மிக்ஸிக்குப் போகாது. ஹெப்சிபா வெங்காயம் நறுக்கினாள். நெய்யில் பட்டையும் ஏலக்காயும் விழுந்ததும் வாசனை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டது. கறி ஆணம் கொதிக்கக் கொதிக்க ஜமீலாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முற்றத்தில் சுடலையாண்டியின் குரல் கேட்டது. "எவ்வா! ஹெப்சியக்கா, இது நியாயமா? கழுத்துல மாலையப் போட்டுட்டு மனுசன் இந்த வளவுல இருக்கதா, ஓடிப்போறதா?"

"மூக்கப் பொத்திக்க லே. மூக்குக்கும் மாலை போட்டிருக்கியா?"

"ஏக்கா, உப்பு யாரு பாக்க? நீங்க லெந்து, ஜமீலாக்கா நோம்பு, நான் விரதம். தின்ன வாயில்லாத வளவுல ஒரு பெருநாள்!"

உள்ளே ஜமீலா அந்த நேரம் பார்த்து அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கப் போனவள், அப்படியே நின்றாள். ஹெப்சிபா சேலைத் தலைப்பை விரித்து வாசலை மறைத்துக்கொண்டு, "சாப்பிடுதவன் பாத்துக்கிடுவான். நீ போயி வண்டியில காத்து இருக்கான்னு பாரு," என்றாள். பிறகு உள்ளே திரும்பிப் பைய, "பாத்தியா? சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு கல்லு கொறையுது."

மத்தியானத் தொழுகை முடிந்து தெரு ஓய்ந்துவிட்டது. ஜமீலா தன் வீட்டிலிருந்து சஹனைக் கழுவி எடுத்து வந்தாள். ஹெப்சிபா வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் குழித்து ஆணத்தை ஊற்றினாள். ஆமிர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனுடைய பெட்டி கட்டி முற்றத்தில் இருந்தது.

"நீயும் இரு உம்மா."

"நீ சாப்புடு மக்கா. நான் பாத்துகிட்டு இருக்கேன்."

"பாத்துகிட்டு இருக்கதுக்கா கேட்டேன்?"

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சுல்தான். வழக்கமாகச் சாயங்கால அஸர் தொழுதுவிட்டுத்தான் வருவார். மகன் போகிற நாளென்று கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் யாருமில்லை, அடுப்படிச் சுவரில் சஹன் இருக்கிற இடம் காலி. அதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார். தோளில் துண்டு நனைந்திருந்தது. நோன்பு முகம், வெயில் முகம், இரண்டும் சேர்ந்திருந்தன.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் ஹெப்சிபா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சஹனைப் பார்த்தார். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"தொட்டுட்டியா?"

"இல்ல," என்றாள் ஜமீலா.

"அல்ஹம்துலில்லாஹ். எந்திரி."

"எந்திரிக்காத உம்மா," என்றான் ஆமிர். "வாப்பா, அவுகள அவுக இஷ்டத்துக்கு விடுங்க. ஒரு நாளாவது."

"அவ இஷ்டம் எனக்குத் தெரியாதா லே? எத்தன வருசமா அவகூட சகர் சாப்பிடுதேன்! காலைல எங்கூட இருந்து நிய்யத்து வச்சா. நீ ஒரு வாய் குடுத்தேன்னா அவ நோம்பு போச்சு."

"இன்னைக்கு நோம்பே கெடையாது."

"ஒனக்குக் கெடையாது. அவளுக்கு உண்டு."

"உண்டா இல்லையான்னு அவுகட்டயே கேளுங்க."

"கேளு. கேளு நீயே. ஏ ஜமீலா, சொல்லு. நீ இன்னைக்கு நோம்பா, இல்லையா?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டது அவளைப் பற்றியே இல்லை. யார் பக்கம் என்று கேட்டார்கள். ஜமீலாவுக்குக் கால் மரத்துப்போன மாதிரி இருந்தது. மாத்திரை போடுகிற நேரம் தாண்டியிருந்தது. இனி எழுந்து, உதட்டைத் துடைத்து, இன்னொரு முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்ட அவளுக்குத் தெம்பில்லை.

"இல்ல," என்றாள்.

ஆமிரின் முகம் மலர்ந்தது. சுல்தானின் தாடை இறுகியது.

"சிரிக்காத மக்கா. நீ சொன்னதுக்காவ இல்ல." அவள் சஹனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் நேத்தும் இல்ல. முந்தா நேத்தும் இல்ல. நீ வந்தியே, அன்னையிலருந்தே நான் நோம்பு இல்ல."

அடிபம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன சொல்லுத?" என்றார் சுல்தான்.

"சக்கர. இங்கன வாசல்லதான் விழுந்துட்டேன். ஹெப்சிதான் தூக்கிட்டுப் போனா. பட்டினி கெடந்தா மௌத்தாப் போயிருவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டா. தெனம் மத்தியானம் இந்தா இங்கன இருந்துதான் சாப்பிடுதேன்."

"காலைல எங்கூட நிய்யத்து சொன்னியே?"

"சொல்லல. வாய அசச்சேன்."

சுல்தான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். கோபம் வருமென்று காத்திருந்தவர் மாதிரி நின்றார், அது வரவில்லை. ஹெப்சிபா பக்கம் திரும்பினார். "நீயும் சேந்தா?"

"ஆமா அண்ணாச்சி. சேந்துதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க தெனம் பாக்கிய. நான் வேற சொல்லணுமாக்கும்னு இருந்துட்டேன்."

ஆமிர் உம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. "நான் வீட்டுலயேதான கெடந்தேன் உம்மா," என்றான். "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"தெரியக் கூடாதுன்னுதான மக்கா அவ்வளவு பாடுபட்டேன்."

"நான் போவல. டிக்கெட்டத் தள்ளிப் போடுதேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஜமீலா ஹெப்சிபாவைப் பார்த்தாள். சொன்னேனில்லையா என்பது மாதிரி ஒரு பார்வை. "போயிட்டு வா. நீ தங்குனா நான் இன்னும் பதினஞ்சு நாள் நல்லா இருக்கிற மாதிரி நடிக்கணும். எனக்கு முடியாது மக்கா. அலுத்துப் போச்சு."

அவள் அப்படிச் சொல்லி அவர்களில் யாரும் கேட்டதில்லை. முடியாது என்ற வார்த்தையை அவள் மற்றவர்களைப் பற்றித்தான் சொல்லுவாள். அவுகளுக்கு முடியல, பிள்ளைக்கு முடியல.

சுல்தான் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோன்புக்காரர், சோற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி. நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடுலே," என்றார் கடைசியில். "ஆறுது. ஒனக்குப் பெருநாள். எனக்கு இன்னைக்கு நோம்பு. இவளுக்கு…"

இவளுக்கு என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குப் பசிக்கி," என்றாள் ஜமீலா.

ஹெப்சிபா அடுப்படி டப்பாவிலிருந்து மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். சஹனின் அந்தப் பக்கம் மகனும் இந்தப் பக்கம் தாயும் கை வைத்தார்கள். ஆமிர் கறியை எலும்பிலிருந்து பிய்த்து அவள் பக்கம் தள்ளினான். "சோறு கொஞ்சமாத்தான், கேட்டியா," என்று ஹெப்சிபா அதட்டினாள். சுவரைப் பார்க்காமல், சத்தம் கேட்டால் கேட்கட்டுமென்று ஜமீலா சாப்பிட்டாள். சுல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும், ஒரு துண்டு கறி உருண்டு பாயில் விழப்போனதை எட்டிப் பிடித்து, அவள் பக்கம் வைத்தார். வைத்துவிட்டு விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சுடலையாண்டி காரைத் திருப்பி நிறுத்தினான். பெட்டி ஏறியது. ஆமிர் உம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு வாப்பாவிடம் போனான். காலையில் கொடுக்காத ஸலாமை இரண்டு பேரும் இப்போது கொடுத்துக்கொண்டார்கள்.

"தெனம் போன் போட்டு, சாப்பிட்டாளான்னு கேளு," என்றார் சுல்தான். "எங்கிட்ட கேக்காத, அவகிட்டயும் கேக்காத. ரெண்டு பேரும் பொய் சொல்லுவோம். ஹெப்சிட்ட கேளு."

"வே அண்ணாச்சி, நேரமாவுது," என்றான் சுடலையாண்டி. "திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட் என்ன, இந்தா பக்கத்துல இருக்க பாபநாசமா?"

கார் போன பிறகு ஜமீலா வெகுநேரம் வாசலில் நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பாயில் சாய்ந்தாள். நோன்பு திறக்கிற நேரத்துக்கு எழுந்து கஞ்சி வைக்க வேண்டுமே என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. முத்துமாலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது தெரியும். பள்ளிவாசலிலிருந்து சுல்தான் வாளியில் கஞ்சி வாங்கி வந்ததும், கால்மாட்டில் உட்கார்ந்து தனியாக நோன்பு திறந்ததும் அரைகுறையாகத் தெரியும். ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார், குடித்தாள். "ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அவர் சொன்னார். சற்றுப் பொறுத்து, "தெரிஞ்சாலும் போவட்டும்" என்றார். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

விடிந்தது. ஊருக்குப் பெருநாள். எல்லா வருஷமும் இந்த நேரத்தில் அந்த வீட்டு அடுப்பு மூன்று பக்கமும் எரியும். ஜமீலா குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருப்பாள். வளவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாத்திரம் போகும். இன்றைக்கு அடுப்பு கிடந்தது. சுல்தான் புது வேட்டி கட்டி, தொப்பி வைத்து, தொழுகைக்குக் கிளம்பத் தயாராகிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பவில்லை.

ஹெப்சிபா முற்றத்தைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள். பின்னால் முத்துமாலை.

"எங்க அண்ணாச்சி, அக்காவ?"

சுல்தான் உதட்டில் விரலை வைத்தார். "தூங்குதா."

"பெருநாளும் அதுவுமாவா?" என்றாள் முத்துமாலை.

"கல்யாணம் ஆன நாள்லருந்து நான் பாத்து இன்னைக்குத்தான் விடிஞ்ச பொறவும் தூங்குதா. எழுப்பவா, வேண்டாமான்னு இருக்கேன்."

"எழுப்பாதிய."

"இல்ல, எழுப்பல." அவர் ஹெப்சிபாவிடம் குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டார். "அந்த மாத்திர… சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"அப்ப சாப்பிட என்னமும் வேணும்லா. எனக்கு ஒண்ணும் ஆக்கத் தெரியாதே."

"நாங்க எதுக்கு இருக்கோம்? இட்லிய அவிச்சுக் கொண்டாறோம். நீங்க தொழுதுட்டு வாங்க."

"பெருநாளன்னைக்கு எங்க வீட்டுலருந்துதான் உங்களுக்கு வரணும்."

"அது பைய வரட்டும் அண்ணாச்சி. பெருநாள் எங்க போயிரப் போவுது?"

பொம்பிளைகள் இரண்டு பேரும் கால் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'அல்லாஹு அக்பர்' என்று பெருநாள் தக்பீர் உரக்க முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜமீலா புரண்டு படுத்தாள். சுல்தானின் உதடுகள் தக்பீரோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருந்தன. அப்படியே எழுந்து பைய நடந்து போய், பள்ளிவாசல் பக்கத்து ஜன்னலை ஓசைப்படாமல் சாத்தினார்.